படித்த பிறகே எழுதவும்

கணினியில் கோப்பு எழுதும் கருவி ஒன்றுக்கு நான் விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மாதங்களில்தான் அக்கா எனக்குப் போனில் நிறையப் பேசிப் பதிந்து அனுப்பினாள்.

என் தொழிலே அதுதான். மென்பொருள் செய்பவர்கள் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளங்கும்படி எழுதுவது என் பாடு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து பிளாட் ஒன்றில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனிக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். ரயில் போகும்போது மட்டும் மேசை அதிரும். இந்தக் கருவி மனிதர்களுக்கானது அல்ல. சொன்ன வேலையைத் தாமாகவே செய்து முடிக்கும் ஏஐ ஏஜெண்டுகளுக்கானது. எந்தக் கோப்பு, அதில் என்ன எழுத வேண்டும் என்ற இரண்டையும் கொடுத்தால் எழுதிவிடும். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் பழையது முழுக்கப் போய்விடும். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். இருக்கிற கோப்பை முதலில் படித்திருக்க வேண்டும். படிக்காமல் எழுத வந்தால் கருவி மறுத்துவிடும்.

அந்தக் கட்டுப்பாட்டை விளக்கும் ஒரு வரியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். ஏஜெண்டுகள் அவசரக் குடுக்கைகள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலே, எல்லாம் தெரிந்ததுபோல எழுதிவிடும். படி என்று சொன்னால் போதாது, ஏன் படிக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். மாற்றி மாற்றி எழுதிக் கடைசியில் நல்ல வாக்கியம் ஒன்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அக்கா கொட்டாஞ்சேனையில், அப்பாவும் அம்மாவும் இருந்த வீட்டிலேயே தனியாக இருந்தாள். எழுதுவது அவளுக்குப் பஞ்சி. போனில் பேசிப் பதிந்து அனுப்புவாள். ஒவ்வொன்றும் நாலைந்து நிமிஷம். குழாயில் தண்ணீர் வரவில்லை, மீன் நல்லாயில்லை, மாதா கோயிலுக்கு வந்திருக்கிற புதுச் சுவாமியார் பூசையில் சுருதி சேராமல் பாடுகிறார் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். யாருக்குப் பொறுமை இருக்கிறது? முதல் பத்து வினாடி கேட்பேன், கட்டைவிரல் உயர்த்திய படத்தை அழுத்திவிட்டு வேலைக்குத் திரும்புவேன். பிறகு அந்தப் பத்து வினாடியும் நின்றுபோனது; கேட்காமலே கட்டைவிரலை அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் போவதையும் வேலையைச் சாட்டி நிறுத்தியிருந்தேன்.

ஒருநாள் சமையலறையில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: வயிற்றில் கட்டி இருப்பதை மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியாயிற்றே, உடனே ஒப்பரேஷனுக்கு ஏன் வரவில்லை? எனக்கு அதுவே முதல் செய்தி. நேரே அவள் கட்டிலடிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். பக்கத்துக் கட்டில்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கென்ன விசரே? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓம் தம்பி, என்ர பிழைதான். நீ சாப்பிட்டியே?" என்றாள்.

பதினாறு நாளில் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மத்தியானம், அவள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்து, நான் கேட்காமல் விட்டதையெல்லாம் வரிசையாகப் போட்டேன். தண்ணீர், மீன், சுவாமியார். சிரிப்புக்கூட வந்தது. அதற்குப் பிறகு இது வந்தது:

"தம்பி, வாற வியாழக்கிழமை கிளினிக். வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவை. அந்த டொக்டர் இங்கிலீஷில கதைக்கிறது எனக்கு விளங்காது. நீ எண்டால் வடிவாக் கேட்டுச் சொல்லுவாய். ஏழு மணிக்கு வீட்டை வாறியே?"

அதன் கீழே என் கட்டைவிரல்.

அடுத்தது அந்த வியாழக்கிழமை பின்னேரம் வந்திருந்தது. "ஏழு மணியிலயிருந்து ஒன்பது மணி மட்டும் வாசல்ல நிண்டு பாத்தனான். உனக்கு வேலை வந்திருக்கும், பரவாயில்லை. நான் தனியப் போயிட்டு வந்திட்டன். டொக்டர் கனக்கச் சொன்னவர், ஒண்டும் விளங்கேல்ல. திரும்பக் கேக்க வெக்கமாக் கிடந்தது. எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன். நேரம் கிடைச்சா ஒருக்கா வா, டொக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டுறன்."

அதற்கும் கட்டைவிரல்.

படிக்காமல் எழுத வந்தால் அந்தக் கருவி மறுத்துவிடும். என் போன் மறுக்கவில்லை. அக்கா சொன்ன எதையும் நான் கேட்கவில்லை என்பது, நான் சத்தம் போட்ட அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, தம்பியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பிழையைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நான் அதையும் ஓம் என்று ஏற்றுக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கன்ரீனுக்குச் சாப்பிடப் போனேன்.