வெள்ளி டாலரின் விளிம்பு

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. ரோலா மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கினால்கூட, தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவேன்.

தேராவில் எங்கள் ஆபீசுக்குக் கீழே மசாலாக் கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் பாய் ஒருநாள் ஒரு பழைய அமெரிக்க வெள்ளி டாலரைக் காட்டினார். 1803 என்று போட்டிருந்தது. மஸ்கட்டில் வியாபாரம் செய்த அவருடைய முன்னோர் வழியாக வந்ததாம். நாணயம் சேகரிக்கும் ஒருவர் அடுத்த வாரம் பார்க்க வருகிறார், நல்ல விலைக்குப் போனால் இந்த வளைகுடா விசாவை கேன்சல் செய்துவிட்டு மனைவியோடு ஊரில் இருந்துவிடுவேன் என்றார். அமெரிக்க நாணயச்சாலையின் பழைய பதிவேடுகளை நெட்டில் பார்த்துச் சொல்லும்படி கேட்டு, காசையே என் கையில் கொடுத்துவிட்டார். அதுவே எனக்கு இடித்தது. நிஜமாகவே விலை பெறும் பொருளை எவனாவது இப்படித் தூக்கிக் கொடுப்பானா?

லீவு நாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன். 1804இல் இத்தனை டாலர் அடித்தோம் என்கிறது ஏடு. அடித்ததோ 1803 என்ற பழைய வருட அச்சில் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அச்சு தேயும்வரை வருடத்தை மாற்றமாட்டார்களாம். அடப்பாவிகளா! ஏட்டில் ஒரு வருடம், காசில் ஒரு வருடம். அரசாங்கத்துக் காசே இந்த லட்சணம் என்றால் பாயின் காசை எதை வைத்து நம்புவது?

நேராக கோல்டு சூக் நகைக்கடைத் தெருவில் தெரிந்த ஆசாரியிடம் போனேன். கொலுசோ அரைஞாணோ, உள்ளே செம்பு இருக்கிறதா என்று ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பதுதானே நம் வழக்கம். இழுக்கவா என்றார். இழுக்கச் சொன்னேன். உள்ளேயும் வெள்ளிதான். எனக்கு ஏக சந்தோஷம். காசு நல்ல காசுதான் என்று பாயிடம் திருப்பிக் கொடுத்தேன். அரம் போட்டதைச் சொல்லவில்லை. அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

காசு சேகரிப்பவர் வந்த அன்று நானும் கடையில் இருந்தேன். அவர் காசின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி லென்ஸை வைத்தார். அந்தக் காலத்து டாலருக்கு விளிம்பிலும் எழுத்து உண்டாம்; அசலா போலியா என்று முதலில் பார்ப்பதே அங்கேதானாம். அந்த எழுத்தின் நடுவில் பளபளவென்று ஒரு வெட்டு. காசு அசல்தான், ஆனால் அரம் பட்ட காசை நான் வாங்குவதில்லை என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பாய் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நான் உங்க கையில தந்தப்ப இந்த வெட்டு இருந்துச்சா?"



"இருந்துச்சே பாய்."

"அப்ப நான்தான் சரியா பாக்கல."

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து விசாவை ரினியூ செய்யும் பேப்பரை நிரப்ப என்னிடம்தான் கொண்டுவந்தார். கூசிக் கூசி நிரப்பிக் கொடுத்தேன். ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.