தரிசு வயலில் ஆறு கூடாரங்கள்

முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், எந்த வாய்க்கால் எப்போது திறக்கப்படும் என்பதைக் கிராமத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஆயுள் முழுக்க அரசுக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். அந்த விவரம் கேட்டுப் பாசன அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. கேட்டாயிற்று என்ற திருப்தியில், கீழ்வேளூர் பக்கம் தரிசாகக் கிடந்த எங்கள் வயலில் ஆறு கூடாரங்கள் அடித்தேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு மறுநாள் ஆறு குடும்பங்கள் குழந்தைகளோடு கூடாரத்தில் தங்க வரவிருந்தன. ஓய்வுக்குப் பின் தொடங்கிய தொழிலுக்கு முதல் விருந்தினர்கள்! மனைவியும் நானும் கால் தரையில் படாமல் திரிந்தோம்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் வரப்பில் செல்வி ஓடிவந்தார். குத்தகை உரிமைக்காக எங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கும் குடும்பம். பேச்சுவார்த்தை நின்று ஏழு வருடம்.

“சார், மதகைத் தொறந்துட்டாங்க! சாயங்காலம் இங்க முழங்கால் தண்ணி நிக்கும். வர்றவங்க மீன் புடிக்கவா வர்றாங்க?”

“எனக்கு இன்னும் பதில் வரலையேம்மா.”

“தண்ணி லெட்டர் போட்டுட்டா வரும்? எங்க களத்துக்குத் தூக்கிட்டு வாங்க, அது மேடு.”

“கேஸ் நடக்குதே?”

“அது கோர்ட்டுல நடக்கட்டும் சார். களம் சும்மாதானே கெடக்கு!”

கடைசிக் கூடாரத்தை நாங்கள் மூவரும் தூக்கியபோது கணுக்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் குழந்தைகள் களத்தில் நின்று, எங்கள் வயலில் நீந்திய வாத்துகளைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள்.

இப்போதெல்லாம் கூடாரம் அடிக்குமுன் செல்வியைத்தான் கேட்கிறேன். மனுவும் அனுப்புகிறேன், பழக்கம் விடவில்லை. அந்த வருட மனுவுக்குப் பதில், தீபாவளிக்கு மறுநாள் வந்தது.