மீனுக்குப் போன தார்ப்பாய்

கடல் ஊருக்குள் வந்துபோனதே, அதற்கு மறு கோடையில் நடந்தது இது. அனுமந்தையில் அப்போதும் பல பேர் தகரக் கொட்டகையில்தான் இருந்தார்கள். அதற்கு முன்னே லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு கம்பளிக் கோட்டு. மரக்காணம் வெயிலில் உப்பு வாருகிறவனுக்குக் கம்பளிக் கோட்டு. கொடுத்தவர் வீட்டுப் பீரோவில் இடம் காலியாகியிருக்கும். என் மச்சான் அதை மல்லாட்டைக் கொல்லையில் காக்கை விரட்டும் பொம்மைக்கு மாட்டினான். அந்தப் பொம்மைக்கு வந்த மரியாதை தனிக் கதை.

தங்களுக்கு வேண்டாததை எங்களுக்கு அனுப்பி முடித்த பிறகு, எங்களுக்கு வேண்டாததைக் கேட்டு வந்தார்கள். இடையஞ்சாவடிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா, அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு பாண்டிச்சேரிக்காரர். எங்கள் உப்பளத்துக் கரையில், ரோட்டைப் பார்த்தபடி, குப்பையால் ஒரு பெரிய மீன் செய்யப் போகிறார்களாம். ஊரே சேர்ந்து செய்ய வேண்டுமாம்.

"வீட்டுக்கு ஒரு பொருள் குடுங்க. தூக்கிப் போடறதா இருந்தா போதும்."

எங்கள் தெருவில் தூக்கிப் போடுகிற பொருளுக்கு எங்கே போவது? உடைந்த குடத்தில் கோழி தண்ணீர் குடிக்கிறது. கிழிந்த வலை கீரைக்கு வேலி. ஆனாலும் மொய் வைக்காமல் பந்தியில் உட்காருவதைப்போல, வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டது சனம். எதிர்வீட்டுக்காரி காயலான் கடைக்குப் போய் ஓட்டை அலுமினியச் சட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்தாள், குப்பையென்று கொடுப்பதற்கு.

என் வீட்டுக்காரி அவளையும் மிஞ்சினாள். உப்புக் குவியலை மூடும் தார்ப்பாயைக் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மே, அதையா குடுத்த?"

"எல்லாரும் குடுக்கறாங்க, நான் மட்டும் பல்ல இளிச்சிகினு நிக்கவா? மழைக்கு இன்னும் நாள் இருக்குதுய்யா. அந்தம்மா ஒட்டுப் போட்ட எடத்தத் தடவித் தடவிப் பாத்துச்சு."

ஒட்டுப் போட்டவன் நான். தைத்தபோது ஒருத்தரும் தடவிப் பார்க்கவில்லை.

தார்ப்பாய் மீனுக்குத் தோலாயிற்று. கொஞ்ச நாளில், காலமில்லாத காலத்தில், மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. வியாபாரி லாரி வரவில்லை. நாங்கள் வாரிய உப்பெல்லாம் கரையில் திறந்து கிடந்தது. அது கரைந்தால் எங்கள் அடுப்பு எரியாது.

பாண்டிச்சேரிக்காரரிடம் ஓடினேன்.

"ஐயா, இது இப்ப உங்களோடது இல்லீங்க, எல்லாரோடதும். கழட்டணும்னா எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணணும்."

"மழையும் வந்து உக்காருமா தம்பி?"

"நல்லாப் பேசறீங்க ஐயா" என்று சிரித்தார். தோலில் கைவைக்க விடவில்லை.

பின்னாலேயே எதிர்வீட்டுக்காரி அரிவாளோடு வந்தாள். "எல்லாருன்னா நானுந்தான? நான் பேசி முடிச்சிட்டேன். அண்ணே, நீ அந்தப் பக்கம் புடி."

கயிற்றை அறுத்துத் தோலை உரித்தோம். முதல் தூறல் விழும்போது குவியலை மூடிவிட்டோம். ஒரு மூலைதான் கரைந்தது. போகிற போக்கில் அவள் சட்டியையும் பிடுங்கிக்கொண்டாள். அதைப் பார்த்து அவரவர் பொருளை அவரவர் எடுத்துப்போனார்கள். கடைசியில் மீனுக்கு எலும்பாக அவர்கள் கொண்டுவந்த இரும்புக் கம்பிதான் நின்றது. அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டாததாக இருந்தது.

இடையஞ்சாவடிப் பக்கம் யாராவது போனால் அந்தம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மீன்தோல் என்னிடம்தான் இருக்கிறது, உப்புக்கு மேலே. ஒட்டும் கூடியிருக்கிறது. தடவிப் பார்க்க ஆசையிருந்தால் மழையில்லாத நாளாகப் பார்த்து வரட்டும்.