தொண்டைச் செதில்

ஊசி முனையால் செதில் செதிலாகத் தொட்டுக்கொண்டு போகிறார் பாம்பக்கா. நூற்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பத்திரண்டு. இந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டவன் தொலைந்தான். எண்ணிக்கை விட்டுப்போனால் மறுபடி கழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளம்தான் அவர் ராஜ்ஜியம். அலமாரி அலமாரியாகச் சாராய ஜாடிகள், ஜாடிக்குள் பாம்புகள். "நாலாயிரம் பேரு போதையில கெடக்குறாங்க. நான் ஒருத்திதான் தெளிவா இருக்கேன்" என்பார். பாம்பின் நிறத்தை நம்பவே மாட்டார். "மேல இருக்கறது மேக்கப்பு. வயித்தைப் பாரு, உண்மையச் சொல்லும்." பஸ் ஓட்டும் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு மனக்குறை: "வேலை முடிஞ்சு வந்தா இவ என் மூஞ்சியப் பாக்குறதில்ல, வயித்தைத்தான் பாக்குறா."

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பாம்பு, அந்தப் பக்கமும் பார்க்க அதே பாம்பு. ஆறு வருஷம் எண்ணிப் பார்த்து, அது வேறு இது வேறு என்றார். அந்தப் பக்கத்துப் பாம்புக்கு வயிற்றில் மூன்று செதில் கூடுதல். "ஒரு தாய் வயித்துப் புள்ளைங்கதான். குறுக்க மலை எழும்பிடுச்சு. பல லட்சம் வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல." கட்டுரையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டது. புது இனத்துக்குப் பெயரும் வைத்தாயிற்று.

போன வாரம், படம் வரைய அந்தப் பக்கத்துப் பாம்பு ஒன்றை லென்ஸுக்கு அடியில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கவாட்டுச் செதில் வரிசை இரண்டு புறமும் வந்து தொடும் இடத்தில்தான் வயிற்றுச் செதில் தொடங்கும். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் தொண்டை. கற்றுக்குட்டியாக இருந்த முதல் வருஷம், அந்தப் பக்கத்துப் பாம்புகளைத் தொண்டையிலிருந்தே எண்ணித் தொலைத்திருக்கிறார். அந்த முப்பது பாம்பையும் திரும்ப எண்ணினார். கூடுதல் மூன்றும் காணோம்; புது இனமும் காணோம்.

பக்கத்து மேசைப் பல்லிக்காரன் குரலைத் தாழ்த்தினான்: "விடுக்கா. யாருக்குத் தெரியப்போவுது? உன்னை விட்டா இதை எண்ண எவனுக்குப் பொறுமை?"

"எனக்கப்புறம் ஒருத்தி வருவாடா. இதை நம்பி அவளும் ஆறு வருஷத்தைத் தொலைக்கணுமா?"

அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். கண் சிவந்திருந்தது. கேட்டால் சாராய நெடி என்றார்.

பிறகு ஒரு தாளில் பாம்பின் கழுத்தைப் பெரிதாக வரைந்தார். முதல் வயிற்றுச் செதிலுக்கு ஓர் அம்புக்குறி. 'இங்கிருந்து எண்ணவும். தொண்டையிலிருந்து எண்ணி ஏமாந்தவள்' என்று எழுதி, அடியில் இனிஷியலோடு தன் பெயரை முழுசாகப் போட்டு, அந்தப் பாம்புகளின் ஜாடி மேல் அழுத்தி ஒட்டினார்.