மூன்றாவது பாட்டுக் கீறல்

என் வீட்டுக்காரருக்குப் பிறக்கும்போதே கூடப் பிறந்தது சந்தேகம். தராசில் நிறுத்ததை வீட்டில் மறுபடி நிறுப்பார். ஆயுசில் அவர் நம்பிய ஒரே ஆள், ஒல்லி உடம்புக்காக ஒட்டடைக்குச்சி என்று பெயரெடுத்த சிநேகிதர். பத்தொன்பது வயதில் இரண்டு பேரும் தலைமயிரைச் சிலுப்பிக்கொண்டு, கிழிந்த சட்டையில் ஊக்கு மாட்டிக்கொண்டு, பங்க், நியூ வேவ் என்று வெள்ளைக்காரப் பாட்டுப் பைத்தியமாக அலைந்தவர்களாம். அப்போது வாங்கிய பதினோரு ரெக்கார்டுகள் இன்னும் எங்கள் பீரோவில், என் துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் உண்டு. நான் கூப்பிட்டால் காதில் விழாததுபோல் நடிக்கிறார் என்று.

ஆறு வருடமாகக் கெட்டுக் கிடந்த ரெக்கார்டு பிளேயரை, அந்த ரெக்கார்டுகளோடு ஒட்டடைக்குச்சி எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. ஒரு பாட்டுக் கேட்டதும் இவர் முகம் கறுத்தது.

"மாத்திட்டான்டி! அசலை வச்சுக்கிட்டு மட்டமான காப்பியைத் தந்திருக்கான். டிரம்ஸுல சிம்பல், அந்தப் பித்தளைத் தட்டுச் சத்தமே இல்ல. சும்மா எவன் ரிப்பேர் பண்ணுவான்?"

"முப்பது வருஷப் பழக்கம். வாயை அளந்து பேசுங்க."

கேட்டால்தானே. பூதக்கண்ணாடி வைத்து அட்டைகளைத் துருவினார். சிநேகிதர் கூப்பிட்டால் போனை எடுப்பதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டடைக்குச்சியே வந்துவிட்டார்.

"அசல் எங்கடா?" என்று வாசலிலேயே கேட்டார் இவர். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த மனுஷன் நேரே போய் ஒரு ரெக்கார்டை எடுத்து, மூன்றாவது பாட்டில் ஊசியை வைத்தார். நடுவில் ஊசி டக்கென்று தாவியது.

"நீ குதிச்சு ஆடி மேசையை இடிச்சப்ப விழுந்த கீறல். இதையும் காப்பி அடிச்சேனா?"

இவர் மெதுவாக, "அப்ப சிம்பல் எங்க போச்சு?" என்றார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "போகவே இல்லையே! சில் சில்னு அடுப்படி வரைக்கும் வந்து காதைக் குடையுது!"

ஒட்டடைக்குச்சி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கும் கேட்கிறது. இருபத்தெட்டு வருடம் தகரம் வெட்டும் மெஷின் பக்கத்தில், காதில் பஞ்சுகூட வைக்காமல் நின்ற இவருக்கு மட்டும்தான் கேட்கவில்லை. பாவி, நான் நடிப்பு என்றல்லவா நினைத்தேன்.

இவர் ஸ்பீக்கரில் காதை ஒட்டினார். "இப்ப வருதா?"

"வருது," என்றேன் நான்.

"இப்ப?"

ஒட்டடைக்குச்சி இவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டிராத நான் பக்கத்தில் உட்கார்ந்து, சிம்பல் அடிக்கும்போதெல்லாம் இவர் உள்ளங்கையை அழுத்தினேன்.