ஓடக் கூடாத நாய்

"…அதுக்குப் பேசாம ஒரு ஆட்டுக்கல்ல வாங்கி வாசல்ல போட்ருக்கலாம் கொழுந்தனாரே. அது ஓடவும் ஓடாது, கொரைக்கவும் கொரைக்காது, மாத்திரையும் மிச்சம்."

இதைச் சொன்னபோது மதினியின் ஒரு கை காளையின் கயிற்றில் இருந்தது, இன்னொரு கை நாய்க் கூண்டின் தாழ்ப்பாளில் இருந்தது. ஊர் வாடிவாசலில் டோக்கன் நம்பர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மைக் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. தாழ்ப்பாளைத் திறந்துவிடுவாரோ என்று நான் கூண்டுப் பக்கம் நகர்ந்தேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் உள்ள வீடும், காளையும், நாயும் மதினி பொறுப்பு. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் நானும் அவர் பொறுப்பில் சேர்த்திதான். நாயைத் 'தம்பி' என்பார். தம்பி முறையில் இருக்கிற நான் 'கொழுந்தனாரே'. கறிக்குழம்பும் முதலில் தம்பிக்குத்தான்.

அந்த மரியாதைக்குக் காரணம் உண்டு. வாடிவாசலை விட்டுப் பாய்ந்த காளை காடு கரையெல்லாம் தாண்டிப் போய்விடும். சில வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் தேடுவார்கள். எங்கள் நாய் பின்னாலேயே ஓடும். காளை எங்கே நிற்கிறதோ அங்கே நின்று குரைக்கும். சத்தத்தை வைத்து நாங்கள் வண்டியில் போய்ப் பிடித்துவருவோம்.

அந்த நாய்தான் ஐப்பசியில் இருமத் தொடங்கியது. மீன்முள் மாட்டியிருக்கும் என்று வாழைப்பழம் கொடுத்தோம். பழம் தீர்ந்தது, இருமல் தீரவில்லை. நாலு எட்டு ஓடினால் உட்கார்ந்துகொண்டது. புதுக்கோட்டை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். திரையில் கோடுகோடாக ஏதோ நெளிந்தது.

"இருதயத்துல புழு. கொசுக்கடியில வர்றது."

"எம்புட்டு நீளம் இருக்கும்?" என்றார் மதினி.

டாக்டரம்மா ஒரு சாண் விரித்துக் காட்டினார். மதினி திரையைப் பார்த்தார். "நெஞ்சுக்குள்ள எவளோ இடியாப்பம் புழிஞ்சு வச்சிருக்கா." அதற்கப்புறம் அந்த வீட்டில் இடியாப்பம் கிடையாது.

பெரிய புழுவை நேராகக் கொல்லும் ஊசி நம் பக்கம் கிடைப்பது கஷ்டம் என்றார் டாக்டரம்மா. ஒரு மாதம் இரண்டு வேளையும் மாத்திரை. மாதாமாதம் அவரே ஓர் ஊசி போடுவார். புழு மெல்ல மெல்லச் சாகும்.

"மொத்தமாச் செத்தா சோலி முடிஞ்சதுல்ல?" என்றேன் நான்.

"புழு செத்தா எங்க போகும்? துண்டு துண்டா ரத்தத்தோட போயி நுரையீரல்ல அடைக்கும். நாய் ஓடுச்சுன்னா அந்த அடைப்பே ஆளக் கொன்னுரும். நான் சொல்ற வரைக்கும் ஓடவே கூடாது."

"கொல்லவும் செய்யணும், புழு மனசு நோகவும் கூடாது," என்றார் மதினி. "எங்க மாமியா என்னையப் பாத்துக்கிட்ட மாதிரி."

மாத்திரையை இட்லிக்குள் வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. தயிர்ச்சோற்றில் வைத்தால் சோற்றையும் சேர்த்துத் துப்பியது. கடைசியில் கோழி ஈரலுக்குள் வைத்தால்தான் இறங்கியது. அந்த வீட்டு ஈரலை நான் மறந்து வெகுநாளாகிறது.

முதல் ஊசி போட்ட அன்று சாயங்காலம்தான் நாங்கள் காரியத்தைக் கெடுத்தோம். காளைக்கு ஊசி போட்டால் எங்கள் பக்கம் ஒரு பழக்கம். போட்ட இடத்தைக் கை வலிக்கத் தேய்த்து, மருந்து உடம்பெல்லாம் பரவட்டும் என்று கண்மாய்க்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போவோம். நாய்க்கும் தேய்த்தோம். "நடத்தலாமா?" என்று மதினி யோசித்தார். "ஓடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க, நடக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்று சட்டம் பேசியவன் நான்தான்.

கண்மாய்க்கரையில் ஒரு மயில் நின்றது. கயிறு என் கையில் இருந்தது. அப்புறம் இல்லை.

திரும்பி வந்த நாய் இருமி இருமி விழுந்தது. வாயோரம் நுரை, நுரையில் ரத்தம். மதினி ஸ்கூட்டியை ஓட்ட, பின்னால் நாயை மடியில் போட்டுக்கொண்டு நான் டவுன் வரைக்கும் அதன் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே போனேன்.

"நடக்கவச்சது யாரு?" என்றார் டாக்டரம்மா.

"மருந்து பரவட்டும்னு…"

"அதப் பரப்பத்தான் ரத்தம் ஓடுது. நீங்க ஓட வேண்டாம்."

"இவரு வெளிய சுத்தி அளவெடுக்குறவரு டாக்டரம்மா," என்று மதினி எனக்குப் பரிந்து பேசினார். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாது."

தினமும் தூக்கிப்போய்த் தூக்கிவந்தோம். ஆறாம் நாள் நாய் வாலை ஆட்டியது. "இன்னொரு ஓட்டம் ஓடுனா எங்கிட்டக் கொண்டாந்து பிரயோஜனமில்ல," என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஆட்டுப்பட்டிக் கம்பிவலையை வைத்துக் கூண்டு கட்டினோம். எழுந்து திரும்பலாம், படுக்கலாம், அவ்வளவுதான். பார்க்க வந்த பக்கத்து வீட்டக்கா, "எங்க மக பிரசவத்துக்கு வந்தப்பக்கூட நாங்க இம்புட்டுப் பாக்கல," என்றார். "ஒங்க மக ராத்திரி காவலுக்கு நிக்காதுல்லக்கா," என்றார் மதினி.

தை வந்தது. போன வாரம்கூட டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "இன்னும் கெடக்கு, பொறுங்க," என்றார். ஜல்லிக்கட்டு பொறுக்குமா? மதினிக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அவர் காளையைப் பிடித்துப் போவார், மைக்கில் அவர் பெயரைச் சொல்லி "அம்மாவோட மாடு வருது" என்பார்கள். அந்த ஒரு வரியைப் பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரைக்கும் எங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்றைக்குக் காளைக்குச் சலங்கை கட்டியதுமே நாய் எழுந்துவிட்டது. முதல் வேட்டுச் சத்தத்துக்குக் கம்பிவலையில் பாய்ந்தது. விழுந்தது, இருமியது, மறுபடி பாய்ந்தது.

"தெறந்துராதீங்க மதினி," என்றேன்.

"தெறக்காட்டியும் உள்ளயே ஓடுறானே. மாட்டுக்குப் பின்னாடி போறவனக் கட்டிப்போட்டு வளக்குறதுக்குப் பேருதான் வைத்தியம்னா…" என்று தொடங்கித்தான் ஆட்டுக்கல்லுக்கு வந்து நின்றார்.

மைக்கில் எங்கள் நம்பருக்கு முந்தைய நம்பரைக் கூப்பிட்டார்கள். கூட வரும் ஆள் என்று வாடிவாசல் பாஸில் என் போட்டோவும் ஒட்டியிருந்தது. மாட்டுக்கு என்னைப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். மதினி காளையின் கயிற்றை என் கையில் திணித்தார். தாழ்ப்பாளைத் திறந்து, பட்டுச்சேலையோடு குனிந்து கூண்டுக்குள் நுழைந்து, உள்ளிருந்தபடியே கையை வெளியே விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார். காலை மடக்கி உட்கார்ந்து, நாயின் தலையை மடிக்கு இழுத்து, அதன் இரண்டு காதையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.