முன்சக்கரத்தில் ரப்பர் பால்

நான் கேட்டைப் பூட்டினால் என் கணவர் போய் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். கேஸை அடைத்தால் திருகைத் தொட்டுப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான். எரிச்சல் வரும், ஆனால் இதில் ஆபத்து இருக்கிறதென்று நினைத்ததில்லை.

சர்க்கரைக்கு உடற்பயிற்சி வேண்டுமென்று டாக்டர் சொன்னதும் மலையில் ஓட்டுகிற சைக்கிள் ஒன்று வாங்கினார். குன்னத்துகாலில் வீட்டைச் சுற்றி ஓட்டியிருக்கலாம். மனிதருக்கு ஒற்றசேகரமங்கலத்து மலை இறக்கங்கள்தான் பிடித்தன. மழையில் ஒருநாள் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் வளைந்துவிட்டது. புது ஃபோர்க்குக்கு ஒல்லியான அச்சு. அதனால் அச்சு நுழையும் முன்சக்கர நடுக்குடத்தின் இரண்டு முனையிலும் இருக்கும் மூடிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. அவரால் கையைத் தூக்க முடியாத நேரம். வீடியோ பார்த்து நானே மாட்டினேன். பழையதைப் பிடுங்கி, துடைத்து, புதியதை விரலால் அழுத்தினால் போதும். சக்கரத்தைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். ஃபோர்க்கில் வைத்து இறுக்கிவிட்டால் எங்கும் போகாது. அதன் அமைப்பே அப்படி. அவரிடமும் சொன்னேன். தலையாட்டினார்.

தோள் சரியாகி அவர் முதன்முதலாக மலைக்குப் போன காலையில், கொடிக்கயிறு எடுக்க ஷெட்டுக்குள் போனேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் பெஞ்சில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அடியில் உறைந்த ரப்பர் பால், பக்கத்தில் பால் தோய்ந்த குச்சி. அறுந்த செருப்போ ஒழுகும் வாளியோ, எங்கள் பக்கத்தில் எதற்கும் ரப்பர் தோட்டத்திலிருந்து கொஞ்சம் பால் எடுத்து ஒட்டிவிடுவோம். இந்த மனிதர் மூடியையும் ஒட்டியிருக்கிறார். இரும்போடு இரும்பு அமர வேண்டிய இடத்தில் ரப்பர் இருந்தால், இறக்கத்தில் குலுங்கக் குலுங்க அது அமுங்கி, சக்கரத்தின் பிடி தளர்ந்துவிடும்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரைத் திட்டிக்கொண்டும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டும் போனேன். ஒவ்வொரு வளைவிலும் விழுந்து கிடப்பார் என்றே பயந்தேன்.

இறக்கத்தின் பாதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"எடி, வீல் ஆடுது. எறங்கிட்டேன்."

"பாலு வச்சீங்களா?"

"மூடி களண்டு களண்டு விழுதுல்லா. நீ சரியா மாட்டலியோன்னு ஆக்கும்..."

"எனக்க கிட்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போவீங்க?"

ரோட்டோர டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். பிறகு அங்கேயே அழுதேன்.

வீட்டில் பாலை உரித்துத் துடைத்து, மூடிகளை மறுபடி மாட்டினேன். இனி தொட மாட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார்.

இப்போதும் மலைக்குப் போகிறார். என்னை நம்பித்தான் போகிறார். கேட்டைக்கூட இப்போது இழுத்துப் பார்ப்பதில்லை. நான்தான், அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஷெட்டுக்குப் போய், முன்சக்கரத்தைக் கழற்றி, மூடி கையோடு வருகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டிவைக்கிறேன்.